வாசிக்கத் திணறும் குழந்தைக்குப் புத்தகம் இனிக்க

நீண்ட நாள் சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்கும் குழந்தைகளின் பெற்றோர், நோயைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது பெரும்பாலும் படிப்பைப் பற்றியதாகவே இருக்கிறது. பள்ளி விட்டுப்போயிற்றே, பாடங்கள் சேர்ந்துவிட்டனவே என்ற கவலை இயல்பானதே. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தச் சிக்கல் நோய்க்கு முன்பே தொடங்கியிருக்கும். மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னும் ஒரு வரியை எழுத்துக்கூட்டியே வாசிப்பார்கள். புத்தகத்தைக் கண்டதும் தலைவலி என்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். கதை சொன்னால் மட்டும் கண்கள் விரியக் கேட்பார்கள். இந்தப் பாடம் அத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமார்க்கும் உடனிருந்து கவனித்துக்கொள்ளும் உறவினர்க்கும் உரியது.

இத்தகைய குழந்தை இழப்பது மதிப்பெண்ணை மட்டுமன்று. நாள்தோறும் வகுப்பில் எழுந்து நின்று திணறும் குழந்தை, சில மாதங்களுக்குள் “நான் மக்கு” என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அந்தத் தீர்ப்பை மாற்றுவது எழுத்துகளைக் கற்பிப்பதைவிடக் கடினமான வேலை. ஆகவே அது எழுதப்படுவதற்கு முன்பே நாம் உதவிக்கு வரவேண்டும்.

வாசிப்பு தானாக வருவதன்று

பேச்சைக் குழந்தை கேட்டே கற்றுக்கொள்கிறது. வாசிப்பு அப்படி வருவதில்லை. மனித இனம் பேசத் தொடங்கி நெடுங்காலம் கடந்த பிறகே எழுத்து தோன்றியது. எனவே மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே அமைந்த தனி உறுப்பு கிடையாது. வடிவங்களை அடையாளம் காணும் பகுதியையும் ஒலிகளைக் கையாளும் பகுதியையும் பயிற்சியால் இணைத்தே ஒவ்வொரு குழந்தையும் வாசிக்கக் கற்கிறது. சிலருக்கு இந்த இணைப்பு விரைவில் உறுதிப்படுகிறது. சிலருக்குப் பல மடங்கு பயிற்சி தேவைப்படுகிறது. இதற்கும் அறிவுக்கூர்மைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

1986-ஆம் ஆண்டில் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஓர் எளிய கணக்காக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு என்பது அவர்கள் கருத்து. பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழியே. கதையை ஆழமாகப் புரிந்துகொள்ளும் குழந்தைகூட எழுத்தை அவிழ்க்க இயலாதபோது வாசிக்க முடியாமல் நிற்பதன் காரணம் இதுதான். இந்தக் கணக்கில் பெற்றோர்க்கு ஒரு வழியும் தென்படுகிறது. எழுத்துத் திறன் மெல்ல வளரும் காலத்தில் மொழித் திறனைக் காதின் வழியாக வளர்த்துக்கொண்டே இருக்கலாம்.

தமிழ் எழுத்தில் கால் இடறும் இடங்கள்

தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டதும் குழந்தை மலைத்துப்போகும். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், உயிர்மெய்க் குறியீடுகள் ஆகியவற்றை அறிந்தால் எஞ்சியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சேர்க்கையில்தான் சில சிக்கல்கள் ஒளிந்துள்ளன.

முதலாவது, குறியீடு நிற்கும் இடம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ ‘எ’ என்னும் ஒலி பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் குறியீடு எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் குழந்தை இங்கே தடுமாறும்.

இரண்டாவது, ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘பம்பரம்’ என்னும் ஒரே சொல்லில் பகரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது.

மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற 13 எழுத்துச் சொல்லைச் சந்திக்கிறது. அதன் இறுதியை எட்டுவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. தெரிந்த செய்திதான் என்பதே அதற்குப் புலப்படுவதில்லை.

இவற்றை அறிந்துகொண்டால் ‘கவனமில்லை’ என்று கடிந்துகொள்ளும் பல இடங்களில் உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியவரும். குழந்தை எந்த எழுத்தில், எந்த வகைச் சொல்லில் நிற்கிறது என்பதைச் சில நாள் குறித்துவைத்துப் பாருங்கள். அந்தக் குறிப்பு ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் பெரிதும் பயன்படும்.

முதலில் உடலைக் கவனியுங்கள்

எந்தப் பயிற்சியையும் தொடங்குவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுவது நல்லது. தொலைவிலுள்ள பலகையைத் தெளிவாகப் படிக்கும் குழந்தைக்குக்கூடத் தூரப்பார்வைக் குறைபாட்டினால் அருகிலுள்ள எழுத்து சிரமம் தரலாம். நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் நெருங்கிய ஒலிகளைப் பிரித்தறிவது கடினமாகும். ‘ல’, ‘ள’, ‘ழ’ வேறுபாடு காதில் தெளிவாக விழாதபோது கண்ணில் மட்டும் எவ்வாறு நிலைக்கும்?

இரத்தசோகை, போதிய உறக்கமின்மை, தைராய்டு குறைபாடு ஆகியவை கவனத்தைக் குறைக்கலாம். சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீளும் ஒருவகை வலிப்பு, வகுப்பில் பகற்கனவு என்று தவறாகக் கருதப்படுவதுண்டு. சில வலிப்பு மருந்துகள் மந்தநிலையைத் தரலாம். மூளைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்குக் கவனமும் சிந்திக்கும் வேகமும் குறையலாம். இத்தகைய மாற்றத்தைக் கண்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது.

இவை எதுவும் இல்லாமல், போதிய கற்பித்தலும் கிடைத்த பின்னும் வாசிப்பு மட்டும் பின்தங்கியிருந்தால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் கணக்கில் தேர்ந்தவன், அறிவில் குறையாதவன். ஆயினும் எளிய சொற்களையும் வாசிக்க இயலாதவனாக இருந்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்திருந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவனாக விளங்கியிருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். இன்றும் நம் வீடுகளில் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கானது. ஆகையால் டிஸ்லெக்சியா உள்ள குழந்தை தமிழைப் பிழையின்றி வாசித்தாலும் மிக மெதுவாக வாசிக்கக்கூடும். அந்த மெதுவைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. உளவியல் நிபுணர் செய்யும் முறையான மதிப்பீடு பெரும்பாலும் 8 வயதையொட்டி நடைபெறும். ஆனால் உதவியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. உரிய சான்று பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. வண்ணக் கண்ணாடியோ கண் பயிற்சியோ டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்துள்ளன. அத்தகைய விளம்பரங்களை நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழக்காதீர்கள்.

காதுக்கு ஒரு புத்தகம், கண்ணுக்கு ஒரு புத்தகம்

இனி இந்தப் பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். வாசிக்கத் திணறும் குழந்தையிடம் நாம் செய்யும் பொதுவான தவறு, பயிற்சியையும் இன்பத்தையும் ஒரே புத்தகத்தில் தேடுவது. எட்டு வயதுக் குழந்தையின் கையில் அதனால் வாசிக்க முடிந்த ‘இது படம், அது மரம்’ வகைப் புத்தகத்தைக் கொடுத்தால் அதன் மனத்துக்கு அது சப்பென்றிருக்கும். அதன் மனம் விரும்பும் வீரதீரக் கதையைக் கொடுத்தாலோ ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் களைத்துவிடும். இரண்டு வழியிலும் புத்தகம் கசந்துபோகிறது.

ஆகவே இரண்டு புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காதுக்கு. அதை நீங்கள் வாசிக்க வேண்டும். குழந்தை கேட்க வேண்டும். அது குழந்தையின் வயதுக்கும் ஆவலுக்கும் ஏற்றதாக, சற்றுக் கடினமாகவே இருக்கலாம். கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். சுவையான இடத்தில் நிறுத்தி, “மீதி நாளைக்கு” என்று மூடிவையுங்கள். புத்தக மொழியின் ஓட்டம், நீண்ட வாக்கியங்கள், பேச்சில் வராத சொற்கள் ஆகிய யாவும் இவ்வாறு காதின் வழியே மனத்தில் தங்கிவிடும். பின்னாளில் கண் அவற்றைச் சந்திக்கும்போது பழகிய முகமாகத் தோன்றும்.

மற்றொன்று கண்ணுக்கு. அது குழந்தையே வாசிக்கும் எளிய, சிறிய புத்தகம். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்குக் கடினம் என்று கொண்டு, வேறொன்றை எடுங்கள். இதற்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை களைப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒரே பகுதியை மூன்று நான்கு முறை வாசிப்பதில் தவறில்லை. மீண்டும் மீண்டும் வாசிப்பதால் வேகமும் தடையின்மையும் வளர்கின்றன என்பதை 1979-இல் சாமுவேல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு கற்பித்தல் முறையாகவே விளக்கினார். முதல் முறை திணறிய பக்கத்தை நான்காம் முறை தங்குதடையின்றி வாசிக்கும்போது குழந்தையின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியே அடுத்த நாளுக்கான அழைப்பு.

சேர்ந்து வாசிக்கும் முறை

பிரிட்டனில் 1970-களில் உருவாகி, பின்னர்ப் பெற்றோரிடையே பரவிய ஒரு முறை வீட்டிலும் மருத்துவமனையிலும் எளிதாகக் கையாளத்தக்கது. குழந்தை விரும்பும் புத்தகத்தை இருவரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு வாசிக்கத் தொடங்குங்கள். உங்கள் வேகத்தைக் குழந்தையின் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தனியே வாசிக்கத் துணிவு வந்ததும் குழந்தை உங்கள் கையை மெல்லத் தட்டும்; நீங்கள் குரலை நிறுத்திவிடுங்கள். ஏதேனும் ஒரு சொல்லில் தடுக்கினால் நான்கைந்து நொடி காத்திருங்கள். வரவில்லையெனில் சொல்லை நீங்களே சொல்லுங்கள். குழந்தை அதைத் திருப்பிச் சொன்னதும் மறுபடியும் இருவரும் சேர்ந்து தொடருங்கள். “நேற்றுச் சொன்னேனே, மறந்துவிட்டாயா?” என்ற கேள்விக்கு இம்முறையில் இடமில்லை. தவறிய இடத்தில் குழந்தை தனித்து விடப்படுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

குழந்தையின் பேச்சே முதல் புத்தகம்

எந்தப் புத்தகமும் வேண்டாம் என்று முகம் திருப்பும் குழந்தைக்கு வேறொரு வழி உண்டு. அன்று நடந்த ஏதேனும் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதுங்கள். “நேத்து நர்ஸ் அக்கா ஊசி போட்டாங்க. நான் அழல. தம்பிதான் பயந்துட்டான்” என்று குழந்தை சொன்னால் அதை இலக்கணத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். எழுதியதைக் குழந்தையிடம் வாசிக்கக் கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொற்களாகையால் அடுத்து என்ன வரும் என்பது அதற்குத் தெரியும்; எழுத்தை அவிழ்க்கும் சுமை பாதியாகக் குறையும். நாள்தோறும் ஒரு தாள் சேர்த்துத் தைத்தால் மாத இறுதியில் அது ஒரு நூலாகிவிடும். அதன் ஆசிரியரும் வாசகரும் அந்தக் குழந்தையே. சில வாரங்கள் கழித்து, அதே செய்தியைப் புத்தகத் தமிழில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் இரண்டு மொழிநடைகளுக்கும் இடையே ஒரு பாலம் அமையும்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி உடனிருந்தால் என்ன செய்வது என்று சிலர் தயங்கலாம். அவர் சொல்லும் கதைதான் காதுக்கான புத்தகம். சொற்களே இல்லாத படப்புத்தகத்தை இருவரும் புரட்டி, படத்தைப் பார்த்துக் கதை கட்டலாம். குழந்தை வாசிப்பதைப் பாட்டி ஆவலோடு கேட்பதும் பெரிய உதவியே. பிழை கண்டுபிடிக்காத ஒரு செவி வாசிக்கத் திணறும் குழந்தைக்கு அரிதாகவே வாய்க்கிறது.

தவிர்க்க வேண்டியவை

“பத்துப் பக்கம் படித்தால் ஐஸ்கிரீம்” என்று பேரம் பேசாதீர்கள். கரும்பு தின்னக் கூலி எதற்கு என்பார்கள். கூலி கொடுத்தால், தின்பது கரும்பாக இருக்க முடியாது என்றே குழந்தை முடிவுகட்டும்.

அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். உறவினர் முன்னிலையில் வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். படக்கதையையும் துணுக்கையும் கிரிக்கெட் செய்தியையும் ‘இதுவா படிப்பு?’ என்று தள்ளாதீர்கள். குழந்தை தானே விரும்பி வாசிக்கும் எதுவும் வாசிப்பே. தண்டனையாக ஒருபோதும் புத்தகத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனையில் இருக்கும் நாட்களில்

மருத்துவமனைக்கும் புத்தகத்துக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1989-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில், பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு மருத்துவரே புத்தகம் கொடுத்து, உரக்க வாசித்துக் காட்டும்படி பெற்றோர்க்கு அறிவுறுத்தும் முயற்சி தொடங்கியது. பின்னர் அது அந்நாடு முழுவதும் பரவியது. தடுப்பூசியைப் போலக் கதையும் வளரும் குழந்தைக்குத் தேவை என்பதே அதன் அடிப்படை.

சிகிச்சை நாட்களில் குழந்தையின் ஆற்றல் ஒரே சீராக இருக்காது. குமட்டலும் காய்ச்சலும் உள்ள நாளில் கண்ணுக்கான புத்தகத்தை ஒதுக்கிவிடுங்கள். காதுக்கான புத்தகம் மட்டும் போதும். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தால் தலையணையில் சாய்த்து வைத்துப் பக்கத்தை நீங்கள் புரட்டுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ள குழந்தைக்குப் பழைய, தூசி படிந்த நூல்களைக் கொடுக்கும் முன் செவிலியரைக் கேளுங்கள். துடைக்கக்கூடிய அட்டைப் புத்தகங்களோ புதிய நூல்களோ ஏற்றவை.

பாடல் கேட்க விரும்பும் குழந்தைக்குப் பாடல்வரிகள் திரையில் ஓடும் காணொளிகளைக் காட்டலாம். பாட்டின் மொழியிலேயே வரிகளைத் திரையில் காட்டினால் வாசிப்பு வளரும் என்னும் கருத்தை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1990-களில் முன்வைத்தார். தூர்தர்ஷன் பாடல் நிகழ்ச்சிகளிலும் அது செயற்படுத்தப்பட்டது. மனப்பாடமான பாட்டின் வரியைக் கண் தானாகவே தொடர்ந்து செல்லும்.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நான்கு படிநிலைகளில் அமைந்தவை. குழந்தையின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலைவாரியாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே வாசிக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா ஆகிய பதிப்பகங்களின் சிறுவர் நூல்கள் விலை மிகாதவை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்க்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் குழந்தையை உறுப்பினராக்கலாம். தன் பெயர் எழுதிய நூலக அட்டை குழந்தைக்குத் தனிப் பெருமிதம் தரும்.

இந்த வாரம் செய்து பார்க்க

1. குழந்தையின் கண், காது பரிசோதனை எப்போது நடந்தது என்று பாருங்கள். நெடுநாளாயிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.
2. காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என இரண்டு புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள். தேர்வில் குழந்தைக்கும் பங்கு கொடுங்கள்.
3. இரவு உறங்கும் முன் பதினைந்து நிமிடம் நீங்கள் வாசியுங்கள். பகலில் பத்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள்.
4. குழந்தை சொல்லும் மூன்று வரிகளை அதன் சொற்களிலேயே நாள்தோறும் எழுதிவையுங்கள்.
5. வாரத்தின் முதல் நாள் வாசித்த பக்கத்தை ஏழாம் நாள் மீண்டும் வாசிக்கச் செய்யுங்கள். மாற்றத்தைக் குழந்தையே உணரட்டும்.

மூன்று மாதம் இவ்வாறு செய்தும் முன்னேற்றம் தென்படவில்லை என்றால், குழந்தை நல மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திலோ ஆலோசனை பெறுங்கள். முன்னேற்றம் தெரிந்தாலும் காதுக்கான புத்தகத்தை நிறுத்திவிடாதீர்கள். தானே வாசிக்கத் தொடங்கிய பிறகும், அன்புக்குரிய குரலில் கதை கேட்கும் உரிமை குழந்தைக்கு உண்டு.